ஜப்பான் இனிப்புப் பெட்டியும் என் கடைத் திகதி முத்திரையும்

ஜும்ஆ முடிந்து கொங்காவெலயிலுள்ள வீட்டுக்கு வந்தபோது மேசை மீது இரண்டு பெட்டிகள் இருந்தன. ஜப்பானில் பழைய வாகனங்கள் வாங்கி ஏற்றுமதி செய்யும் என் மனைவியின் தம்பி வந்திருந்தார். 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பவும் திறந்த பிறகு அவருடைய தொழிலுக்கு உயிர் வந்திருக்கிறது. அந்தச் சந்தோசத்தில் ஊருக்கு வந்தவர், எல்லோருக்கும் ஏதாவது கொண்டு வந்திருந்தார்.

“மச்சான், இந்தப் பெரிய பெட்டிய முதல்ல முடிச்சிடுங்க. அதுக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு. சின்னது அவசரமில்ல, மூணு மாசத்துக்கு மேல கிடக்கும்” என்றார்.

பெட்டியைத் திறக்க முன்பே அவர் திகதியைச் சொன்னது எனக்குள் எங்கேயோ தைத்தது. ஏன் தைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஹலாலா?

என் மகள் பெட்டியைக் கையிலெடுத்து, “வாப்பா, இது சாப்பிடேலுமா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பெட்டி முழுக்க ஜப்பானிய எழுத்து. வெளிநாட்டிலிருந்து வரும் இனிப்புப் பெட்டிகள் நம்மவர் வீடுகளில் இந்தக் கேள்வியோடுதான் திறக்கப்படுகின்றன. சில வீடுகளில் திறக்கப்படாமலே குப்பைக்கும் போகின்றன.

மச்சான் கைபேசி கெமராவை லேபலுக்கு நேரே பிடித்து மொழிபெயர்த்துக் காட்டினார். சீனி, அரிசி மா, சிவப்பு அவரை, கறுவா, சோயா மா. அவ்வளவுதான். ஜப்பானிலும் சேர்மானங்களை நிறை கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும். ஆகவே முதலாவது சொல்லைப் பார்த்தாலே அந்தப் பண்டம் எதனால் ஆனது என்று தெரிந்துவிடும்.

ஜப்பானில் நீண்ட காலம் இருக்கும் நம்மவர்கள் சில சொற்களை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்களாம். ‘ஷுசெய்’, ‘யோஷு’, ‘மிரின்’ என்று இருந்தால் அதில் மதுசாரம் சம்பந்தப்பட்டிருக்கிறது. ‘ராடோ’ என்பது பன்றிக் கொழுப்பு. ‘ஜெராச்சின்’ என்பது ஜெலட்டின். ‘ஷோட்டோனிங்கு’, ‘நியூகஸாய்’ ஆகிய இரண்டும் தாவரத்திலிருந்தும் வரலாம், மிருகத்திலிருந்தும் வரலாம். அவை பற்றி உற்பத்தியாளரிடம் கேட்டால்தான் தெரியும். ஜப்பானிலிருந்து பெட்டி வரும் வீடுகளுக்கு இந்த ஆறேழு சொற்களும் உதவும். எங்கள் பெட்டியில் இவற்றில் ஒன்றும் இருக்கவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லித் திறந்தோம்.

கறுவா மணம்

பெட்டியைத் திறந்ததும் வந்த மணம் என்னைத் திடுக்கிட வைத்தது. கறுவா! மாத்தளைக்காரன் ஒருவனுக்குக் கியோட்டோவிலிருந்து கறுவா மணக்கும் இனிப்பு வந்திருக்கிறது.

அதன் பெயர் யட்சுஹாஷி. கியோட்டோ நகரத்தின் பெயர் பெற்ற பண்டம். அரிசி மாவையும் சீனியையும் கறுவாத் தூளையும் சேர்த்து அவித்து, மெல்லிய தகடு போலத் தேய்த்து, சதுரமாக வெட்டி, நடுவில் இனிப்பு அவரைக் கூழை வைத்து முக்கோணமாக மடித்திருக்கிறார்கள். பத்துத் துண்டுகள், ஐந்தைந்தாக இரண்டு பொதிகள். கொழுக்கட்டை மாவை இன்னும் மெல்லிதாக்கி மிருதுவாக்கினால் எப்படியிருக்கும், அப்படி. உள்ளே இருக்கும் அவரைக்கு நம் கௌபியின் சாயல் உண்டு. நாம் கௌபியை அவித்துத் தேங்காய்ப்பூவோடு சாப்பிடுகிறோம். அவர்கள் சீனி போட்டுக் கூழாக்குகிறார்கள். சீனி நம் தொதலை விடக் குறைவாகத்தான் தெரிந்தது.

ஒரு துண்டை வாயில் போட்டதுமே, ‘இது எங்கட கறுவா இல்லை’ என்று நாக்கு சொல்லிவிட்டது. முப்பது வருடமாகக் கறுவாப் பட்டையை முகர்ந்து விலை பேசியவனுக்கு அது தெரியாமல் போகாது. காரம் கூட, மென்மை குறைவு. ஜப்பானில் ‘நிக்கி’ என்றொரு கறுவா இனத்தின் வேர்ப்பட்டையைப் பழைய காலத்தில் பாவித்திருக்கிறார்கள். இன்று பெரும்பாலும் இறக்குமதியாகும் கசியா வகைகள்தான். இலங்கைக் கறுவா வேறு இனம். 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் ‘சிலோன் சினமன்’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்புக் கொடுத்தது. அதாவது அந்தப் பெயரில் இலங்கைக் கறுவாவைத் தவிர வேறெதையும் அங்கே விற்க முடியாது.

நமக்குப் பெயர் இருக்கிறது, சரக்கு இருக்கிறது. ஆனால் ஏறக்குறைய நாலாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு நகரம், நம்முடையதல்லாத கறுவாவை அரிசி மாவில் கலந்து உலகத்துக்கே இனிப்பு விற்கிறது. நாம் பட்டையைக் கட்டிக் கிலோக் கணக்கில் அனுப்பிவிட்டு, டொலர் விலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

ஒரே மா, இரண்டு ஆயுள்

சிறிய பெட்டியையும் திறந்தோம். அதே அரிசி மா, அதே சீனி, அதே கறுவா. ஆனால் இது அவித்த மாவை இரும்புத் தகட்டில் சுட்டெடுத்தது. ஓட்டுத் துண்டு போல வளைந்து, கடித்தால் கறுக்கென்று உடைகிறது. உண்மையில் பழைய யட்சுஹாஷி இதுதான். மென்மையான வகை 1960களில்தான் பிரபலமானது. யட்சுஹாஷி கெங்யோ என்ற பதினேழாம் நூற்றாண்டு இசைக் கலைஞரின் நினைவாக, அவர் வாசித்த கோட்டோ வாத்தியத்தின் வடிவத்தில் செய்யப்பட்டதால் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள்.

பழமை என்பது வியாபாரத்தில் ஒரு சொத்து. அதற்காகவும் அங்கே சண்டை நடந்திருக்கிறது. ஒரு யட்சுஹாஷி நிறுவனம் ‘1689 இல் தொடங்கியது’ என்று விளம்பரம் செய்ய, அதற்கு ஆதாரமில்லை என்று இன்னொரு யட்சுஹாஷி நிறுவனம் 2018 இல் வழக்குப் போட்டது. 2020 இல் கியோட்டோ மாவட்ட நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது.

எனக்கு இந்த இரண்டு பெட்டிகளிலும் பாடமாகப் பட்டது வேறொன்று. ஒரே சேர்மானத்தை அவித்தால் ஏறக்குறையப் பத்து நாள். சுட்டால் மாதக் கணக்கு. அவித்தது ஊரிலேயே சாப்பிடுகிறவனுக்கும் அவசரமாக வீடு போகிறவனுக்கும். சுட்டது தூரப் பயணிக்கு. வாங்குகிறவன் எங்கே போகிறான், எத்தனை நாளில் வீடு சேருவான் என்பதை யோசித்துப் பண்டத்தைச் செய்திருக்கிறார்கள். நாம் பண்டத்தைச் செய்துவிட்டு, வாங்குகிறவன் எங்கேயாவது போகட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

பயணமும் பண்டமும்

ஜப்பானில் வெளியூர் போய் வருகிறவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. வீட்டாருக்கு மட்டுமல்ல, வேலைத்தலத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் அந்த ஊர்ப் பண்டம் கொண்டு வர வேண்டும். இதற்கு ‘ஒமியாகே’ என்று பெயர். ஈஸே என்ற ஊரிலுள்ள கோயிலுக்கு யாத்திரை போவதற்காகக் கிராமத்தவர்கள் பணம் சேர்த்து ஒருவரை அனுப்புவார்களாம். போனவர் எல்லோருக்கும் ஏதாவது கொண்டு வருவார். இந்தப் பழக்கம் வளர்ந்ததில் அந்த யாத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு.

நமக்கு இது புதிதா? ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ போய் வந்தவர் பேரீத்தம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் இல்லாமல் வீட்டுப் படியேறியதுண்டா? பேரீத்தம்பழம் வெலிச்சந்தியிலும் கிடைக்கும், மாத்தளைச் சந்தையிலும் கிடைக்கும். இருந்தாலும் மதீனாவிலிருந்து வந்த பழத்துக்கு ஒரு மதிப்பு. அந்த மதிப்புத்தான் ஒமியாகே வியாபாரத்தின் முதல்.

எண்ணிக் கொடுக்க வேண்டும் என்பதால் ஜப்பானியர் எண்ணி விற்கிறார்கள். எட்டு, பன்னிரண்டு, பதினாறு, இருபத்து நான்கு என்று பெட்டிகள். அலுவலகத்தில் பதினைந்து பேர் என்றால் பதினாறு துண்டுப் பெட்டி. நாமோ, “தொதல் ஒரு கிலோ” என்று விற்கிறோம். வெளிநாட்டுக்காரர் ஒரு கிலோத் தொதலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அவரிடம் கத்தியும் இல்லை, தட்டும் இல்லை, கையைத் துடைக்கத் துணியும் இல்லை.

நமது மாவட்டத்தைப் பாருங்கள். 1982 இல் சீகிரியவும் 1991 இல் தம்புள்ளைக் குகைக் கோயிலும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. கண்டியிலிருந்து அங்கே போகிறவர்கள் ஏ-9 வீதியில் மாத்தளை, பலாபத்வலை, நாலந்தா என்று நம் கடைகளைக் கடந்துதான் போக வேண்டும். 2018 இல் இலங்கைக்கு 23 இலட்சம் பேர் வந்தார்கள். 2019 ஏப்ரல் தாக்குதல், கொரோனா, 2022 நெருக்கடி எல்லாம் வந்து அடித்துவிட்டுப் போன பிறகு, 2024 இல் வருகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. வீதியோரத்தில் வாசனைத் திரவியத் தோட்டங்கள் இருக்கின்றன. மிளகு, சாதிக்காய், கராம்பு, கொக்கோ எல்லாம் நம் மண்ணில் விளைகின்றன. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமும் மாத்தளையில்தான். இத்தனையும் இருந்தும், ‘மாத்தளைக்குப் போனால் இதை வாங்கிக்கொண்டு வா’ என்று பெயர் சொல்லக்கூடிய ஒரு இனிப்புப் பெட்டி நம்மிடம் இருக்கிறதா?

என் கதை

இனி எனக்குத் தைத்த இடத்துக்கு வருகிறேன். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதைப் படிக்கிறவர்களில் சிலருக்காவது இது பிரயோசனப்படும் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் கடை வாப்பா தொடங்கியது. ஒரு பக்கம் வாசனைத் திரவியம், மறுபக்கம் தொதலும் மஸ்கட்டும். நான் தொதல் கிண்டிய அன்று திகதி போடுவதில்லை. பைக்கற்றை அலுமாரிக்கு எடுக்கும் நாளில்தான் முத்திரை குத்துவேன். இடையில் ஐந்து நாளும் போகலாம், பத்து நாளும் போகலாம். விற்காமல் கிடந்தவற்றின் லேபலை உரித்துவிட்டுப் புதியது ஒட்டிய நாட்களும் உண்டு. ‘தொதல் எங்கே பழுதாகப் போகிறது, எல்லோரும் செய்கிறதுதானே’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள், வழமையாகப் பயணிகளைக் கூட்டி வரும் சிங்கள வழிகாட்டி ஒருவர் தனியாக வந்தார். பைக்கற்று ஒன்றை மேசையில் வைத்தார். ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம்.

“முதலாளி, திகதி இன்னும் இருக்கு. சாமான் செத்துப் போயிருக்கு” என்றார்.

நான் மழையைக் குற்றம் சொன்னேன். பஸ்ஸுக்குள் இருந்த சூட்டைக் குற்றம் சொன்னேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை, எதுவும் பேசாமல் போய்விட்டார். அதன் பிறகு அவருடைய பஸ் என் கடை வாசலில் நிற்கவில்லை. சில வாரங்களில் மாதாமாதம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஹோட்டலும் ஓடரை நிறுத்தியது.

மச்சான் “நாலு நாள்தான் இருக்கு” என்று சொன்னபோது எனக்குத் தைத்தது இதுதான். அந்தப் பெட்டி எத்தனையோ கடல் தாண்டி வந்திருக்கிறது. அதன் திகதியை என் வீட்டில் ஒருவரும் சந்தேகிக்கவில்லை. வாசலுக்கு எதிரே விற்கும் என் தொதலின் திகதியை நானே நம்ப முடியாது.

ஜப்பானிலும் நடந்தது

மச்சானிடம் இதை மனம் விட்டுச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “அங்கயும் எல்லாரும் மலக்குமார் இல்ல மச்சான்” என்று ஒரு கதை சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன்.

சப்போரோவில் ‘ஷிரோய் கொய்பிதோ’ என்றொரு பிஸ்கட் இனிப்பு. 1976 இலிருந்து வருவது. ஹொக்கைடோ போனவர்கள் அதை வாங்காமல் திரும்புவது அபூர்வம். 2007 ஓகஸ்டில் அதன் ஒரு பகுதி இருப்புக்குத் திகதியை மாற்றி நீடித்தது வெளிவந்தது. நிறுவனத் தலைவர் பதவி விலகினார். விற்பனை நின்றது. நவம்பரில்தான் திரும்பவும் தொடங்கியது.

அதே ஆண்டு ஒக்டோபரில் இன்னொன்று. ஈஸே யாத்திரிகர்களுக்கு 1707 முதல் இனிப்பு விற்று வரும் ‘அகஃபுகு’. விற்காமல் மீந்ததைத் திரும்பச் சுற்றிப் புதுத் திகதி போட்டிருந்தார்கள். முந்நூறு வருடப் பெயர்! அதிகாரிகள் வியாபாரத்தை நிறுத்தி வைத்தார்கள். 2008 பெப்ரவரி வரை கடை திறக்கவில்லை.

ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் ஜப்பானியர் அந்த ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்தைத் தெரிவு செய்வார்கள். 2007 இன் எழுத்துக்கு ‘போலி’ என்று பொருள்.

அந்த இரண்டு பெயர்களும் இன்றும் நிலைத்திருக்கின்றன. பிடிபட்ட பிறகு நிறுத்தி, திருத்தி, திரும்ப வந்ததால் நிலைத்தார்கள். ஆனால் அவர்களிடம் மாதக்கணக்கில் கடையை மூடி வைக்கப் பணம் இருந்தது. நம் போன்ற சில்லறை வியாபாரிக்கு இரண்டு வாரம் கடை மூடினால் என்ன நடக்கும்?

நபிகளார் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு உள்ளே ஈரத்தைக் கண்ட சம்பவத்தை எத்தனை குத்பாக்களில் கேட்டிருக்கிறேன்! கேட்டுவிட்டு எழும்பி வந்து லேபலை உரித்திருக்கிறேன். அன்றிரவு அதை நினைத்துத் தூக்கம் வரவில்லை.

செய்து பார்த்தது

மறுநாள் அலுமாரியிலிருந்த 46 பைக்கற்றுகளை எடுத்தேன். எது எப்போது கிண்டியது என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினேன். மகன் முகம் சுருங்கியது, ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கொப்பி ஒன்று வாங்கினோம். கிண்டிய நாள், தொகுதி இலக்கம், எத்தனை பைக்கற்று என்று எழுதத் தொடங்கினோம். சட்டம் கேட்பதும் இதைத்தான். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது, நுகர்வோர் அதிகாரசபை இருக்கிறது, பீ.எச்.ஐ. மஹத்தயாவும் வருவார். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பு வாடிக்கையாளர் வந்துவிடுவார்.

தொதல் ஏன் கெடுகிறது என்று பார்த்தோம். தேங்காய்ப்பாலின் எண்ணெய் காற்றுப் பட்டுக் காறல் வாடை எடுக்கிறது. காற்றும் ஈரமும் இருந்தால் பூஞ்சணமும் பிடிக்கும். ஜப்பானியப் பெட்டிகள் பலவற்றுக்குள் சிறிய பொட்டலம் ஒன்று இருக்கும். அது ஒட்சிசன் உறிஞ்சி. உள்ளே இருப்பது இரும்புத் தூள். அது துருப்பிடிக்கும்போது பைக்குள் இருக்கும் ஒட்சிசனை இழுத்துக்கொள்ளும். ஜப்பானில் 1977 இலிருந்தே இது சந்தையில் இருக்கிறது.

கொழும்பில் விசாரித்து ஒரு கட்டு எடுத்தோம். முதலில் வழமையான பொலித்தீன் பைக்குள் போட்டோம், பலன் இல்லை. சாதாரண பொலித்தீன் காற்றை உள்ளே விடும். பல படலங்கள் ஒட்டிய தடித்த பை வேண்டும், சீலும் ஒழுங்காக இருக்க வேண்டும். அந்தப் பையில் போட்டு வாரம் ஒன்றைத் திறந்து பார்த்தோம். உறிஞ்சி இல்லாதது மூன்றாவது வாரத்தில் வாடை எடுத்தது. உறிஞ்சி போட்டது ஆறாவது வாரத்திலும் நன்றாக இருந்தது. இருந்தாலும் ஆறு வாரத் திகதி போடவில்லை, மூன்று வாரம்தான் போடுகிறோம். காற்றில்லாத பைக்குள் வளரும் கிருமிகளும் உண்டு. அதை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. கூடுதல் நாள் போட விரும்புகிறவர் கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற ஆய்வுகூடத்தில் பரிசோதித்துவிட்டுத்தான் போட வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. ஒரு கிலோத் தொதலில் 25 கிராம் துண்டு 40 வரும். எட்டுத் துண்டுப் பெட்டி ஐந்து. துண்டுகளைத் தனித்தனியாகச் சுற்றி, கித்துள் கருப்பட்டியும் மாத்தளைச் சாதிக்காயும் சேர்த்து, பெட்டியில் சேர்மானத்தை மூன்று மொழியிலும் எழுதினோம். பெட்டிக்கும் பைக்கும் செலவு கூட. விலையும் கூட. கிலோவாக வாங்கிப் பழகியவர்கள் முகம் சுளித்தார்கள். முதல் மாதம் இலாபம் குறைந்தது, மறைக்க ஒன்றுமில்லை. மூன்று வாரம் முடியும் முன் விற்காததை வீட்டுக்கும் மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தோம். அதனால் அளவாகக் கிண்டப் பழகிக்கொண்டோம். இப்போது வீணாவது முன்பை விடக் குறைவு.

அந்த வழிகாட்டியைத் தேடிப் போய்ச் சந்தித்தேன். மழையுமில்லை, பஸ் சூடுமில்லை, திகதியை மாற்றியது நான்தான் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அன்றைக்கே சொல்லியிருக்கலாமே முதலாளி” என்றார். அதன் பிறகு இரண்டு தடவை அவருடைய வாகனம் வாசலில் நின்றது. பெட்டியை எடுத்ததும் முதலில் திருப்பித் திகதியைத்தான் பார்க்கிறார். பார்க்கட்டும். ஹோட்டல் ஓடர் இன்னும் திரும்பி வரவில்லை.

வியாபார நண்பர்களே, ஒரு சிறிய வேலை. நாளைக் காலை கடை திறந்ததும் உங்கள் அலுமாரியிலிருந்து ஏதாவது ஒரு பைக்கற்றை எடுத்து அதன் திகதியைப் பாருங்கள். அந்தத் திகதியை நம்பி உங்கள் பிள்ளைக்கு அதைச் சாப்பிடக் கொடுப்பீர்களா? ஆம் என்றால் அந்தப் பைக்கற்று கண்டிக்கும் போகலாம், கியோட்டோவுக்கும் போகலாம். இல்லை என்றால் முதலில் அந்த முத்திரையைத் திருத்துங்கள். பெட்டியின் நிறத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

மச்சான் திரும்பிப் போகும்போது எங்கள் எட்டுத் துண்டுப் பெட்டி ஆறு கொடுத்தனுப்பினேன். “இத எத்தன நாளைக்குள்ள முடிக்கோணும்?” என்று கேட்டார். கொப்பியைப் பார்த்து, “பதினேழு நாள்” என்றேன்.